ஐந்து புள்ளி விடைக்குச் சராசரி எடுக்கலாமா? வரிசைத் தரவும் அதற்குரிய மாதிரிகளும்

கேள்வி இது. ஒரு முதுநிலை மாணவர் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்து சென்றவர்களிடம் சிகிச்சையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டு, 'சிறிதும் திருப்தியில்லை' என்பதை 1 என்றும் 'மிகவும் திருப்தி' என்பதை 5 என்றும் வைத்து விடைகளைப் பதிவு செய்திருக்கிறார். இரு பிரிவினரை ஒப்பிடச் சராசரியும், இரு சராசரிகளின் வேறுபாட்டைச் சோதிக்கும் டி-சோதனையும் போதும் என்கிறார் நெறியாளர். ஆய்விதழின் மதிப்பீட்டாளரோ இது எது மேல், எது கீழ் என்று மட்டும் சொல்லும் வரிசைத் தரவு என்றும், இதற்குச் சராசரி எடுப்பதே தவறு என்றும், விடைகளின் தரவரிசையை மட்டும் ஒப்பிடும் மான்–விட்னி சோதனை ஒன்றுதான் செல்லும் என்றும் எழுதியிருக்கிறார். வயது, கல்வி, காத்திருந்த நேரம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருப்பதால், யார் சொல்வதைக் கேட்பது என்று மாணவர் கேட்கிறார்.

நெறியாளர் சொல்வது சில நிலைமைகளில் சரியாகவே இருக்கும். அந்த நிலைமைகள் உங்கள் தரவில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் சொல்வதுதான் குறை. மதிப்பீட்டாளர் ஆபத்தைச் சரியாகச் சுட்டுகிறார், ஆனால் அவர் பரிந்துரைக்கும் சோதனையைக் கொண்டு வயதையும் கல்வியையும் காத்திருந்த நேரத்தையும் கையாள முடியாது. பல மாறிகளின் விளைவை ஒருங்கே மதிப்பிடும் தொடர்புப்போக்கு (ரிக்ரெஷன்) மாதிரிகளில், வரிசைத் தரவுக்கென்றே எழுதப்பட்டவை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் ஆய்வுக்கு உரியது அவற்றுள் ஒன்றுதான் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கு வெறும் விதிமுறைச் சண்டையாகவே பெரும்பாலும் நடத்தப்படுகிறது.

அளவைகளை நான்காகப் பிரித்தவர் ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். 1946இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான அவரது கட்டுரைக்கு ஒரு பின்னணி உண்டு. மனிதரின் புலன் உணர்வை எண்ணால் அளக்க முடியுமா என்று ஆராய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1932இல் ஒரு குழுவை அமைத்தது. இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் இருந்த அந்தக் குழு 1940இல் இறுதி அறிக்கை தந்தபோதும் உடன்பாட்டுக்கு வரவில்லை. ஒலியின் உரப்பை அளக்க ஸ்டீவன்ஸ் வகுத்திருந்த அளவுகோலும் அந்த விவாதத்தில் அடிபட்டது. அவர் தந்த விடை இதுதான்: எண்களை எந்த விதிப்படி பொருள்களுக்குத் தருகிறோமோ அந்த விதியே அளவையின் வகையைத் தீர்மானிக்கிறது, எண்களை எந்தெந்த வகையில் மாற்றினால் அவற்றின் பொருள் கெடாமல் இருக்கும் என்பதே ஒவ்வொரு வகைக்கும் அடையாளம்.

பெயர் அளவையில் எண் ஓர் அடையாளம் மட்டும். இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 முதல் வழக்கில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 600001 என்பதற்கும் 625001 என்பதற்கும் சராசரி கண்டால் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. இடைவெளி அளவையில் வேறுபாடுகளுக்குப் பொருள் உண்டு, விகிதத்துக்கு இல்லை. 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியின் இரு மடங்கு வெப்பம் அன்று. அதே இரண்டையும் பாரன்ஹீட்டில் எழுதினால் 68 என்றும் 50 என்றும் ஆகிவிடும். எடை, நீளம் போன்ற விகித அளவைகளில் உண்மையான சுழி இருப்பதால் இரு மடங்கு என்று சொல்லலாம்.

நமக்கு வேண்டியது இவற்றின் நடுவில் உள்ள வரிசை அளவை. பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கனிமக் கடினத்தன்மை வரிசையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எது எதைக் கீறுகிறது என்பதை மட்டும் பார்த்து, டால்க்குக்கு 1, ஜிப்சத்துக்கு 2 என்று தொடங்கி, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10 என்று அவர் எண் தந்தார். (கோரண்டம் என்று உலகம் வழங்கும் பெயர் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான்.) கருவி கொண்டு கடினத்தன்மையை அளந்தால், 9க்கும் 10க்கும் இடையே ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு இருக்கிறது, 3ஆம் எண் கால்சைட்டுக்கும் 4ஆம் எண் ஃபுளோரைட்டுக்கும் இடையில் உள்ளது அதனருகில் வைத்துப் பார்க்கவே முடியாத அளவு சிறியது. எண்ணில் இரண்டுமே 'ஒன்று' என்ற வேறுபாடு. மோஸின் வரிசை பொய் சொல்லவில்லை, எது முந்தியது எது பிந்தியது என்பதைச் சரியாகவே சொல்கிறது. அந்த 'ஒன்று' எங்கும் ஒரே நீளம் என்று நாம் எண்ணிக்கொள்ளும்போதுதான் தவறு நுழைகிறது.

வரிசை அளவைக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் முறைப்படி பொருந்தா என்று ஸ்டீவன்ஸ் எழுதினார். அதே கட்டுரையில், அந்த விதியை மீறிய கணக்குகள் பல இடங்களில் பயனுள்ள முடிவுகளைத் தந்திருப்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். பாடநூல்கள் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டன. புள்ளியியலாளர்களிடமிருந்து எதிர்ப்பும் விரைவில் வந்தது. பிரெடரிக் லார்ட் 1953இல், கால்பந்து வீரர்களின் சட்டை எண்களுக்குச் சராசரி எடுத்துப் பயனுள்ள விடை காணும் ஒரு பேராசிரியரின் கற்பனைக் கதையை எழுதினார். எண்கள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை என்பது அதில் வரும் வாதம். 1993இல் வெல்மனும் வில்கின்சனும், அளவையின் வகை தரவுக்குள்ளேயே பதிந்திருக்கும் குணம் அன்று, நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது என்று காட்டினார்கள்.

இதை விளங்கிக்கொள்ள உங்கள் புறநோயாளிகள் பிரிவின் டோக்கனே போதும். கையில் 47ஆம் எண் டோக்கன் இருக்கிறது. கூப்பிடும்போது ஆளை அடையாளம் காண உதவினால் அது பெயர். 46க்குப் பின், 48க்கு முன் என்றால் அது வரிசை. எனக்கு முன் 46 பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டால் அது முழு எண்ணிக்கை, விகித அளவை. எண் ஒன்றுதான், கேள்விகள் மூன்று. ஆகவே 'இது வரிசைத் தரவு, சராசரி கூடாது' என்பதை ஒரு தடைச்சட்டம் போல எழுதுவதை நான் ஏற்பதில்லை. எடுக்கும் சராசரி எதைச் சார்ந்து நிற்கிறது, அந்தச் சார்பு சரிந்தால் முடிவும் சரியுமா என்று கேட்பதுதான் பயனுள்ள வழி.

ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்த்துவிடலாம். இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நூறு பேர். முதல் பிரிவில் 20 பேர் 2 என்றும், 60 பேர் 3 என்றும், 20 பேர் 4 என்றும் சொல்கிறார்கள். இரு முனைகளிலும் யாரும் இல்லை. இரண்டாம் பிரிவில் 1 முதல் 5 வரை முறையே 25, 10, 20, 20, 25 பேர். முதல் பிரிவின் சராசரி 3.00, இரண்டாவதன் சராசரி 3.10. இரண்டாம் பிரிவு ஒரு சிறிது மேல் என்று தோன்றும். இப்போது, 'சிறிதும் திருப்தியில்லை' என்பதற்கும் 'திருப்தியில்லை' என்பதற்கும் இடையிலான தூரம் மற்றத் தூரங்களைப் போல மூன்று மடங்கு என்று ஒருவர் கருதுவதாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் கசந்துபோய்த் திரும்பியவரைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். 1 என்ற எண்ணுக்குப் பதிலாக −1 என்று இட்டால் போதும், வரிசை சற்றும் மாறாது. முதல் பிரிவின் சராசரி அப்போதும் 3.00. இரண்டாவது 2.60க்கு இறங்கிவிடுகிறது. யார் மேல் என்ற முடிவே தலைகீழாகிவிட்டது. இரு பிரிவுகளின் இடைநிலையை (விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) கேட்டால் இரண்டுக்கும் 3 என்றே வரும், வேறுபாடே இல்லை என்று ஆகும்.

எப்போது இப்படித் தலைகீழாகும், எப்போது ஆகாது என்பதற்குத் தெளிவான விதி உண்டு, அதை ஆய்வு மாணவர்களுக்கு யாரும் கற்பிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒவ்வொரு பிரிவுக்கும் குவிவுச் சதவீதங்களை எழுதுங்கள்: 1 அல்லது அதற்குக் கீழ் எத்தனை பேர், 2 அல்லது அதற்குக் கீழ் எத்தனை பேர் என்று. மேலே உள்ள கணக்கில் முதல் பிரிவுக்கு 0, 20, 80, 100. இரண்டாவதற்கு 25, 35, 55, 75. முதல் இரண்டு இடங்களில் இரண்டாம் பிரிவின் எண் பெரியது, அடுத்த இரண்டு இடங்களில் சிறியது. அதாவது இரு வரிசைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டினால், எண்களை நீட்டியோ சுருக்கியோ எந்தப் பிரிவின் சராசரியையும் மேலாக்க முடியும். வெட்டாமல் ஒரு பிரிவின் குவிவுச் சதவீதம் எல்லா இடத்திலும் சிறியதாகவே இருந்தால், வரிசையைக் காக்கும் எந்த எண்ணிடலாலும் சராசரிகளின் வரிசையைக் குலைக்க முடியாது; அங்கே நெறியாளரின் 1, 2, 3, 4, 5, 'யார் மேல்' என்ற கேள்விக்குச் சரியான விடையையே தரும். 'எவ்வளவு மேல்' என்பதுதான் அப்போதும் எண்ணிடலைச் சார்ந்திருக்கும். ஆகவே உங்கள் முதல் வேலை சோதனை எதுவும் அன்று, இந்தக் குவிவு அட்டவணை.

மதிப்பீட்டாளர் கேட்கும் சோதனையை இதே கணக்குக்குச் செய்து பார்ப்போம். மான்–விட்னி சோதனையின் அடிப்படை எளியது. இரு பிரிவுகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை எடுத்தால், இரண்டாம் பிரிவினர் மேலான விடை சொல்லியிருக்கும் வாய்ப்பு எவ்வளவு, சமநிலைகளைப் பாதியாக எண்ணினால்? கணக்கிட்டால் 0.54 வருகிறது. நூறு பேருக்கு இது புள்ளியியல் முக்கியத்துவம் பெறாது, டி-சோதனையும் பெறாது. ஆக, இரு தரப்பினரின் சோதனைகளும் 'வேறுபாடு இல்லை' என்று சொல்லிவிட, ஒரு பிரிவில் ஒருவர்கூடக் கசந்து போகவில்லை, இன்னொன்றில் நால்வரில் ஒருவர் கசந்து போனார் என்ற செய்தி எங்கும் பதிவாகாமல் போகிறது. மருத்துவமனையை நடத்துபவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். சராசரியை விட்டுத் தரவரிசைச் சோதனைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது போதிய மறுப்பு. ஒரே எண்ணில் சுருக்கும் எந்த முறையும் பரவலின் வடிவத்தைக் காட்டாது.

இனி மாதிரிக்கு வருவோம். பீட்டர் மெக்குல்லா 1980இல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் அடித்தளம்; இயல்நிலைப் பரவலைக் கொண்டு எழுதும் புராபிட் வடிவத்தில் இதே எண்ணத்தை ஐச்சிசனும் சில்வியும் 1957இலேயே எழுதியிருந்தார்கள். எண்ணம் இதுதான். திருப்தி என்பது ஒவ்வொருவர் மனத்திலும் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் ஒன்று என்று கொள்வோம். அதை நாம் நேரில் பார்ப்பதில்லை. விடை தருபவர் தம் உணர்வை நான்கு வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிட்டு, எந்த இரண்டுக்கு நடுவில் விழுகிறதோ அந்தக் கட்டத்தைத் தேர்கிறார். வெட்டுப்புள்ளிகள் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்பதையும் தரவிலிருந்தே மதிப்பிடுகிறோம். எண்களுக்கு இடையிலான தூரத்தை நாமே தீர்மானிப்பதற்குப் பதிலாகத் தரவைத் தீர்மானிக்க விடுகிறோம் என்பதே இதன் சிறப்பு. மனத்துக்குள் அப்படியொரு தொடர்மாறி உண்மையில் இருக்கிறது என்று நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. குவிவு நிகழ்தகவுகளைப் பற்றிய ஒரு கூற்றாக மட்டும் வைத்துக்கொண்டாலும் கணக்கு அப்படியே நிற்கும்.

ஆட்ஸின் மடக்கையைக் கொண்டு எழுதும் லாஜிட் வடிவத்தில் இதற்கு விகிதசம ஆட்ஸ் மாதிரி என்று பெயர். ஆட்ஸ் என்பது ஒன்று நிகழும் வாய்ப்பை அது நிகழாமல் போகும் வாய்ப்பால் வகுத்தது. ஒரு பிரிவில் விடைகள் 1 முதல் 5 வரை 10, 20, 40, 20, 10 சதவீதம் என்று இருக்கட்டும். 1ஐத் தாண்டியவர்களின் ஆட்ஸ் 90க்கு 10, அதாவது 9. 2ஐத் தாண்டியவர்களுக்கு 70க்கு 30, அதாவது 2.33. 3ஐத் தாண்டியவர்களுக்கு 0.43, 4ஐத் தாண்டியவர்களுக்கு 0.11. இன்னொரு பிரிவில் இந்த நான்கு ஆட்ஸும் ஒரே மடங்கில், சான்றாக இரு மடங்காக, உயர்ந்திருக்கிறது என்பதே மாதிரியின் கூற்று. அப்படியானால் அவை 18, 4.67, 0.86, 0.22 ஆகும். அவற்றைத் திரும்பச் சதவீதமாக்கினால் 1 முதல் 5 வரை முறையே ஏறத்தாழ 5, 12, 36, 28, 18 என்று வருகிறது. கடைக்கோடிக் கட்டம் பாதியாகக் குறைகிறது, உச்சிக் கட்டம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது, நடுக் கட்டம் சிறிதே அசைகிறது. இவ்வளவையும் 2 என்ற ஒரே எண் சொல்லிவிடுகிறது; கணிப்பொறி தரும் கெழுவில் (மாறியின் விளைவைக் குறிக்கும் எண்ணில்) அது 2இன் இயல் மடக்கை, 0.69 என்று தோன்றும். வயது, கல்வி, காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் வழக்கமான தொடர்புப்போக்கில் போலவே சேர்க்கலாம். இரு பிரிவுகளைத் தவிர வேறு மாறி இல்லாதபோது இம்மாதிரியிலிருந்து வரும் ஸ்கோர் சோதனை (பிரிவுக்கு விளைவு உண்டா என்று பார்க்கும் ஒரு முறை), மான்–விட்னி சோதனையேதான். எனவே மதிப்பீட்டாளர் கேட்டது இதற்குள் அடங்கிவிடுகிறது, அவரிடம் அதைச் சொல்லலாம்.

இது ஏட்டளவில் நிற்கும் முறை இல்லை. நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான எம்.ஆர். கிளீன் ஆய்வு, மூளைத் தமனியின் அடைப்பைக் குழாய்வழி சென்று நீக்கும் சிகிச்சையை மதிப்பிட்டது. தொண்ணூறு நாள் கழித்து ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை, அறிகுறியே இல்லாத 0 முதல் இறப்பைக் குறிக்கும் 6 வரை செல்லும் திருத்தப்பட்ட ராங்கின் அளவையில் குறித்தார்கள். 0க்கும் 1க்கும் இடையே உள்ள தூரமும், படுக்கையில் கிடப்பதற்கும் இறப்பதற்கும் இடையே உள்ள தூரமும் ஒன்று என்று எவரும் சொல்ல மாட்டார். ஆகவே சராசரி எடுக்காமல், வரிசைத் தொடர்புப்போக்கு மூலம் பொது ஆட்ஸ் விகிதத்தைக் கணக்கிட்டார்கள்: 1.67, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.21 முதல் 2.30 வரை. அதோடு, பிறர் உதவியின்றி வாழும் நிலையை (0 முதல் 2 வரை) எட்டியவர்கள் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19.1 சதவீதம் என்பதையும் தந்தார்கள். இந்த இரண்டாவது எண் படிப்பவருக்கு எளிது, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் 5ஆம் நிலையிலிருந்து 3ஆம் நிலைக்கு மீண்டவர் கணக்கில் வராமலே போய்விடுவார். வரிசையை இரண்டாக வெட்டி 'திருப்தி உண்டு, இல்லை' என்று மாற்றும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் மிகுதி. சேகரித்த செய்தியில் பெரும்பகுதியை நாமே வீசியெறிவது அது.

மாதிரியின் உயிர்நாடியான நிபந்தனையையும் பார்க்க வேண்டும். எல்லா வெட்டுப்புள்ளிகளிலும் ஆட்ஸ் ஒரே மடங்கில் மாறுகிறது என்பதுதான் அது. இதைச் சோதிக்க பிராண்ட் 1990இல் தந்த சோதனையைப் பலரும் செய்கிறார்கள். கூறின் அளவு (ஆய்வில் விடை தந்தவர்களின் எண்ணிக்கை) பெரிதானால் அது அற்ப விலகலைக்கூடப் பிடித்துவிடும், சிறிதானால் பெரிய விலகலையும் விட்டுவிடும். அதன் பி-மதிப்பைப் பார்த்து மாதிரியைத் தூக்கி எறிவதைவிட, ஒவ்வொரு வெட்டுப்புள்ளிக்கும் தனித்தனி இருநிலை லாஜிட் மாதிரி இட்டு, நான்கு கெழுக்களையும் நம்பிக்கை இடைவெளிகளோடு ஒரே படத்தில் வரைந்து கண்ணால் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். கெழுக்கள் 0.6, 0.7, 0.8 என்று அலைந்தால் பொது எண் ஒரு நல்ல சுருக்கம். ஒன்று −1.2 என்றும் மற்றொன்று +0.9 என்றும் வந்தால், பொது எண் உங்கள் தரவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மேலே கண்ட கற்பனைப் பிரிவுகளில் நடப்பது அதுதான்: ஒரு பிரிவின் விடைகள் இரு முனைகளுக்கும் விரிந்திருக்கின்றன. அங்கே இடப்பெயர்ச்சியோடு பரவலையும் மாற விடும் வரிசை மாதிரியை இடலாம், அல்லது சில மாறிகளுக்கு மட்டும் நிபந்தனையைத் தளர்த்தும் பகுதி விகிதசம மாதிரியை இடலாம்.

நேர்கோட்டு மாதிரியை வரிசைத் தரவுக்கு இட்டால் என்னென்ன தவறும் என்று லிடலும் குருஷ்கேயும் 2018இல் விரிவாகக் காட்டினார்கள்: இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றலாம், இருப்பது மறையலாம், திசையே மாறலாம். 2016இல் வெளியான மூன்று முன்னணி உளவியல் இதழ்களின் கட்டுரைகளை அவர்கள் பார்த்தபோது, லிக்கர்ட் வகைத் தரவை (உங்களுடையது போன்ற படிநிலை விடைகளை) பகுத்த அத்தனை கட்டுரைகளும் அதை இடைவெளி அளவையாகவே எடுத்துக்கொண்டிருந்தன. இந்தத் தவறுகளுள் என்னை மிகவும் அஞ்ச வைப்பது இடைவினை, அதாவது ஒன்றின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது, பற்றியது. புதிய ஏற்பாடு ஒன்று ஒரு மருத்துவமனையில் திருப்தியை 2.0 இலிருந்து 3.0க்கும், இன்னொன்றில் 4.2 இலிருந்து 4.6க்கும் உயர்த்தியது என்று வையுங்கள். முதலாவதில் விளைவு அதிகம் என்று எழுதத் தோன்றும். ஆனால் 5க்கு மேல் கட்டமே இல்லாததால் இரண்டாவது மருத்துவமனைக்கு ஏற இடமே இருக்கவில்லை. மேல்முனைத் தூரங்களை நீட்டினால் அந்த இடைவினை காணாமல் போகும், இன்னும் நீட்டினால் எதிர்த்திசையில் திரும்பும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாத இடைவினைகள் எண்ணிடலின் விளைவாகவே இருக்கக்கூடும் என்று ஜெஃப்ரி லாஃப்டஸ் 1978இலேயே எச்சரித்தார். உங்கள் ஆய்வில் 'படித்தவர்களிடம் காத்திருப்பின் விளைவு கூடுதல்' என்பது போன்ற கருதுகோள் இருந்தால், நேர்கோட்டு மாதிரியை மட்டும் நம்பி அதை எழுதவே கூடாது.

வரிசை, விடையில் இல்லாமல் காரணியில் இருக்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. உங்கள் கல்வி மாறி அப்படிப்பட்டது. புள்ளியியல் கணக்குகளுக்கான 'ஆர்' மொழியில் அதை வரிசைக் காரணியாக அறிவித்தால், முடிவு அட்டவணையில் ஆரம்பப்பள்ளி, உயர்நிலை, பட்டம் என்ற பெயர்கள் வருவதில்லை. நேர்கோட்டுக் கூறு, இருபடிக் கூறு, முப்படிக் கூறு என்று பல்லுறுப்புக் கெழுக்கள் வருகின்றன. இருபடிக் கூறின் கெழுவை 'இரண்டாம் கல்வி நிலையின் விளைவு' என்று விளக்கிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கெழுக்கள் நிலைகள் சம தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டே கணக்கிடப்படுகின்றன என்பதால், நாம் எதைத் தவிர்க்க வந்தோமோ அதுவே பின்வாசல் வழியாக நுழைகிறது. நிலைகள் குறைவாகவும் ஒவ்வொன்றிலும் ஆட்கள் போதுமாகவும் இருந்தால் ஒவ்வொரு நிலைக்கும் 0, 1 என்று தனித்தனியே இடும் போலி மாறிகளே தெளிவு. விளைவு ஒரே திசையில்தான் போகும் என்று கருத நல்ல காரணம் இருந்தால், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு உயரம் என்பதைத் தரவிலிருந்து கற்கும் ஒருதிசை விளைவுகளை பூர்க்னரும் ஷார்பாந்தியேயும் 2020இல் விளக்கியிருக்கிறார்கள்.

மாதிரிக்குப் போகும் முன், வரிசை உண்மையிலேயே வரிசையா என்று பாருங்கள். தமிழில் கேட்கப்படும் கேள்வித்தாள்களில் இது சிறிய சிக்கல் இல்லை. நடுக் கட்டத்துக்குப் 'பரவாயில்லை' என்று பெயர் வைக்கிறார்கள். 'எப்படி இருக்கிறது?' என்றால் 'பரவாயில்லை, நன்றாகவே செய்தார்கள்' என்று மெச்சுபவரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். குறையைப் பொறுத்துக்கொண்டு 'சரி, பரவாயில்லை' என்று எழுந்து போகிறவரும் அதையேதான் சொல்கிறார். 'சுமார்' என்ற சொல்லையும் அதனருகில் வைத்தால் எது மேல், எது கீழ் என்று எல்லோரும் ஒரே விடை தர மாட்டார்கள். 'கருத்து இல்லை' என்பதை நடுவில் போட்டு 3 என்று எண்ணிடுவது இதைவிட மோசம், ஏனெனில் அது வரிசைக்கு வெளியே நிற்கும் விடை. அதைத் தனியாகவே குறிக்க வேண்டும். முதல் முப்பது பேரிடமாவது சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, 'இவற்றைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள்' என்று கேட்டிருந்தால் இந்த ஐயம் தீர்ந்திருக்கும். அடுத்த ஆய்விலாவது செய்யுங்கள். வெட்டுப்புள்ளிகள் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. கேரி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல், அரசில் தமக்கு எவ்வளவு குரல் இருக்கிறது என்று சீனர்களும் மெக்சிகர்களும் தந்த விடைகளை ஒப்பிட்டபோது, நேரடி விடையில் சீனர்கள் மேலாகத் தோன்றினார்கள். எல்லோரிடமும் ஒரே கற்பனை மனிதர்களின் நிலையை மதிப்பிடச் சொல்லி அந்த அளவோடு சீர்செய்தபோது வரிசை மாறிவிட்டது. நகரத்து நோயாளிகளையும் சிற்றூர் நோயாளிகளையும் ஒப்பிட நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும், எந்த மாதிரியாலும் இந்தக் குறையைத் தானாகத் தீர்க்க முடியாது.

பல கேள்விகளின் கூட்டுத்தொகை வேறு வகை. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்தது ஒற்றைக் கேள்வியை அன்று, பல கூற்றுகளுக்கான விடைகளைக் கூட்டும் முறையை. சிக்கலான எண்ணிடலும் எளிய 1 முதல் 5 வரையிலான எண்ணிடலும் ஏறத்தாழ ஒரே வரிசையைத் தருகின்றன என்று கண்டே அவர் எளியதைத் தேர்ந்தார். இருபது கேள்விகளின் கூட்டுத்தொகை நடுவில் பரந்து, முனைகளில் குவியாமல் இருந்தால் அதற்கு நேர்கோட்டு மாதிரி இடுவதை நான் எதிர்ப்பதில்லை. கூட்டினாலும் சிக்கல் தீராது என்பது லிடல், குருஷ்கேயின் நிலை. விடைகள் முனையில் குவிந்திருக்கும் தரவுக்கு அவர்கள் சொல்வது சரி, நம் திருப்திக் கணக்கெடுப்புகளில் 4லும் 5லும் விடைகள் குவிவது வழக்கம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கேள்விவாரியாகத் தரவு கையில் இருந்தால், ஃபுமிகோ சமேஜிமா 1969இல் தந்த படிநிலை விடை மாதிரி ஒவ்வொரு கேள்வியின் வெட்டுப்புள்ளிகளையும் தனித்தனியே மதிப்பிடும்.

உங்கள் ஒற்றைக் கேள்விக்கு நான் செய்யக்கூடியது இது. இரு பிரிவுகளின் ஐந்து சதவீதங்களையும் குவிவுச் சதவீதங்களையும் முதல் அட்டவணையாகத் தருவேன். வயது, கல்வி, காத்திருந்த நேரம் ஆகியவற்றோடு விகிதசம ஆட்ஸ் மாதிரியை முதன்மைப் பகுப்பாய்வாக வைப்பேன். ஆட்ஸ் விகிதம் படிப்பவருக்கு எளிதில் பிடிபடாது என்பதால், சராசரி வயதுடைய ஒரு நோயாளி ஒவ்வொரு கட்டத்தையும் தேரும் நிகழ்தகவு ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு என்று மாதிரியிலிருந்தே கணக்கிட்டுப் படமாக வரைவேன். நெறியாளர் கேட்கும் சராசரி வேறுபாட்டைத் துணைப் பகுப்பாய்வாக அடுத்த பத்தியில் சேர்ப்பேன். குவிவு வரிசைகள் வெட்டாவிட்டால் இரண்டும் ஒரே திசையைக் காட்டும், அதுவும் ஒரு செய்திதான். ஒரு கட்டத்தில் ஆட்கள் மிகக் குறைவு என்பதற்காக அதை அடுத்ததோடு இணைக்க அவசரப்பட வேண்டாம், இந்த மாதிரியில் அருகருகான கட்டங்களை இணைத்தாலும் கெழுவின் பொருள் மாறாது, ஆனாலும் இணைப்பது தேவைக்கு மட்டும் இருக்கட்டும். மதிப்பீட்டாளருக்கு எழுதும் விடையில், அவர் கேட்ட சோதனை இம்மாதிரியின் தனிநிலை என்பதையும், பிற மாறிகளைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் பொது வடிவத்தை எடுத்ததையும் இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள்.

கணிப்பொறியில் செய்யும்போது கெழுவின் குறியை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 'ஆர்' மொழியின் மாஸ் தொகுப்பும் ஸ்டேட்டாவும் மேல் கட்டங்களை நோக்கிப் போவதை நேர்க்குறியாகத் தருகின்றன. சாஸ் மென்பொருளின் லாஜிஸ்டிக் செயல்முறை, இயல்பான அமைப்பில், கீழ்க் கட்டங்களின் நிகழ்தகவை மாதிரியிடுவதால் அதே தரவுக்குக் குறி மாறி வரும். எஸ்.பி.எஸ்.எஸ். கடைசிப் பிரிவை ஒப்பீட்டு அடிப்படையாக எடுத்துக்கொள்வதால் அங்கேயும் திசை திரும்பித் தோன்றலாம். எந்த மென்பொருளானாலும், வேறு மாறி எதுவும் இல்லாமல் பிரிவை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டி, முதல் அட்டவணையில் 4லும் 5லும் அதிகம் பேர் இருந்த பிரிவுக்கு எந்தக் குறி வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு மற்ற மாறிகளைச் சேருங்கள்.